பச்சையில் விழுந்த நிலம்

விழுப்புரத்தில் நாங்கள் குடியிருந்த தெரு வணிகப் பகுதியாக மாறிவிட்டது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் வீட்டு ஓனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, காலி பண்ணச் சொல்ல வரும் ஓனர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளும் அந்த வருத்தமான முகத்தை அவரும் போட்டுக்கொண்டார்.

"மேப்பு மாத்திட்டாங்கம்மா. நம்ம தெரு ஃபுல்லா இப்போ கமர்ஷியல். ரத்த டெஸ்ட் லேப் வைக்கிறேன்னு ஒருத்தர் தெனம் வந்து நின்னுக்கினு இருக்காரு. நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க."

உள்ளே தோசை கருகும் வாசனை வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போய்விட்டேன்.

உண்மையைச் சொன்னால் தெரு மாறி வெகுநாள் ஆகிவிட்டது. நாங்கள் குடிவந்தபோது இரண்டு பக்கமும் வெறும் வீடுகள்தான். முதலில் முனை வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. அப்புறம் ஒரு மாடியில் டியூஷன் சென்டர். அப்புறம் தகர ஷெட் போட்டு ஒரு பிரியாணிக் கடை. அந்தக் கடை வந்த நாளிலிருந்து என் வெள்ளிக்கிழமை விரதமெல்லாம் பெயருக்குத்தான். அத்தனைக்கும் காகிதத்தில் அது குடியிருப்புப் பகுதியாகவே இருந்தது. எந்த இடத்தில் வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே விவசாயம் தவிர எதுவும் கூடாது என்று நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஒரு வரைபடம் ஊருக்கு ஊர் உண்டு. அதைத் திருத்தியபோது எங்கள் தெருவுக்கு மஞ்சள் போய் நீலம் வந்தது. மஞ்சளில் குடியிருக்கலாம், நீலத்தில் வியாபாரம் பண்ணலாம். நீலத்தில் குடியிருப்பதையும் சட்டம் ஒன்றும் தடுக்காது. வாடகைதான் தடுக்கும்.

எனக்கு இது எத்தனையாவது வீடு என்று எண்ணுவதை நிறுத்தியிருந்தேன். ஒரு வீட்டில் தண்ணீர் இல்லை, ஒரு வீட்டில் ஓனர் மகனுக்குக் கல்யாணம், ஒரு வீட்டில் ஓனர் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. துணிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு. நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உட்காரவே முடியாது. அலமாரியை நகர்த்துவேன், கட்டிலைத் திருப்பிப் போடுவேன். ஆணி அடிக்கக் கூடாது என்று ஓனர் சொன்ன சுவரை முறைத்துக்கொண்டு நிற்பேன்.

"உன் கால்ல சக்கரம்தான் கட்டியிருக்குது" என்பார் என் வீட்டுக்காரர். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்தால் அசையமாட்டார்.

"நானா சுத்தறேன்? சுத்த வுடறாங்க" என்பேன்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு வளை தோண்ட இடமும் இருந்தது. திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகும் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கொஞ்சம் புஞ்சை உண்டு. உயிரோடு இருக்கும்போதே அதைப் பிரித்து, சாலையோரத் துண்டை எனக்கு எழுதிவைத்தார். பெண்ணுக்குப் பங்கு என்றால் முகம் சுளிக்கும் அண்ணன்கள் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். என் அண்ணன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். என் துண்டையும் சேர்த்து அவன்தான் பயிர் வைத்தான். அறுவடை முடிந்தால், எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை மூட்டையும் செக்கில் ஆட்டிய எண்ணெயும் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடும். எந்த வாடகை வீடாக இருந்தாலும் தேடிக் கண்டுபிடித்து வந்துவிடும்.

அந்தத் துண்டில் வீடு கட்டுவது என்று முடிவு செய்தேன். வேலை போகவர பஸ் இருக்கிறது, சாலை இருக்கிறது, கரண்டு கம்பி பக்கத்தில் போகிறது. வங்கியில் கடன் கேட்கப் போனபோது, அனுமதி வாங்கிய வரைபடம் கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்காக ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் கம்ப்யூட்டரில் எங்கள் கிராமத்தைத் திறந்து, சர்வே நம்பரைப் போட்டு, பெரிதாக்கினார். திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

"உங்க நெலம் விவசாயப் பகுதில வர்துங்க. வூடு கட்ட முடியாது."

"எதிர்ல ஒரே கட்டடமா இருக்குதே சார், கம்பெனி கட்டிக்கினு இருக்காங்களே?"

"அது ஊதா. தொழில் பகுதி. ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

நான் திரையைக் குனிந்து பார்த்தேன். சாலை ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கி வைக்கலாம். இந்தப் பக்கம் நான் ஒரு அடுப்பு வைக்கக் கூடாது. அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? நிறம் அடித்தவர் அவரில்லை. பொறுமையாக வழியும் சொன்னார். நிலப் பயன்பாட்டை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம், வேளாண் துறையிலிருந்து வந்து பார்ப்பார்கள், பயிர் செய்யாமல் கிடக்கும் நிலம்தான் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் பச்சை மஞ்சளாவதற்கு வாய்ப்பு உண்டு.

"பயிர் மட்டும் கண்ல படக் கூடாதுங்க. பட்டுச்சுன்னா அவ்ளோதான்" என்றார்.

தரிசு நிலம் என்று மனு எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்குக் கண்ணில் நிறம் பிடித்துக்கொண்டது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, இது மஞ்சள், இது பச்சை, இது நீலம் என்று முணுமுணுத்துக்கொண்டு வருவேன். கல் நட்டுக் கொடி கட்டிய மனைகளைப் பார்த்தால், இவர்கள் எப்படி மாற்றினார்கள் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்து சீட்டு அம்மா ஒருமுறை, "இன்னாம்மா, ஜபமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ராத்திரியில் கட்டிலில் படுத்தால் மனசு ஹாலையும் சமையலறையையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கும். சில நாள் பூஜையறைக்கே இடம் இருக்காது.

அண்ணனுக்குப் போன் பண்ணினேன். சித்திரை மாதம். உழவு தொடங்காத நேரம்.

"அண்ணா, இந்த வாட்டி என் கழனில எதுவும் போடாத."

"ஏம்மா?"

"வேணாம்ணா. சும்மா கெடக்கட்டும்."

வீடு கட்டப்போகிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அஸ்திவாரம் எழும்புகிற வரைக்கும் வீட்டுப் பேச்சை வெளியே எடுக்கமாட்டோம். கண் பட்டுவிடும். கூடப்பிறந்தவனிடம் சொன்னால் அது அண்ணிக்குப் போகும், அண்ணியிடமிருந்து அவள் தங்கைக்குப் போகும், அங்கேயிருந்து ஊருக்கே போய்விடும். மனு ஒரு நிலைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"சரிம்மா" என்றான் அண்ணன். அந்தச் சரியில் ஒரு சுணக்கம் இருந்தது. நான் கவனிக்கவில்லை. ஓனர் வேறு கழுத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் வீடு மாற்றுவதிலேயே போயிற்று. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. ரயில் போகும்போதெல்லாம் பாத்திரம் ஆடும். நிலத்தைப் போய்ப் பார்க்க நேரமில்லை. பார்க்க என்ன இருக்கிறது, தரிசுதானே என்றும் இருந்துவிட்டேன். மனு நகர்ந்தது. நான்தான் அதை வாரத்துக்கு ஒருமுறை போய் நகர்த்தினேன். வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? கட்டுவதற்கு முன்னால் கேட்டுப் பார் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

புரட்டாசி பிறந்ததும் வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினார். புதன்கிழமை மதியம் நிலத்தைப் பார்க்க வருகிறேன், நீங்களும் இருங்கள் என்றார். கடையில் லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே தனியாகக் கிளம்பிப் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பினால், என் நிலம் முழுக்க மல்லாட்டை.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இடம் மாறி இறங்கிவிட்டேனோ என்று சுற்றிலும் பார்த்தேன். இல்லை, அதே புளியமரம், அதே கரண்டு கம்பம். ஹால் வரவேண்டிய இடம், சமையலறை வரவேண்டிய இடம், எல்லாம் அடர்ந்த செடி. சின்னச் சின்ன மஞ்சள் பூ பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. களை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுத்தமாக அவன் தன் கழனியைக்கூட வைத்துக்கொள்ளமாட்டான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போடாதே என்று வாய்விட்டுச் சொல்லியும் போட்டிருக்கிறான் என்றால் ஒரே காரணம்தான். எப்படியோ விஷயம் தெரிந்திருக்கிறது. தங்கச்சி வீடு கட்டி உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நிலம் கைக்கு வராது என்று கணக்குப் போட்டிருக்கிறான். பயிர் நிற்கிறவரைக்கும் நிலம் பச்சை. பச்சையாக இருக்கிறவரைக்கும் அவன் உழவு. அன்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதெல்லாம் நடிப்பு. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே அவன் வீட்டுக்கு வேகவேகமாக நடந்தேன்.

வாசலில் அண்ணி கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளேயிருந்து வந்து, "வாம்மா, சொல்லாம கொள்ளாம வந்திருக்க!" என்று சிரித்தான்.

"ஏண்ணா கழனில வெதச்ச? போடாதன்னு சொன்னேன்ல?"

"அது கெடக்குது. நீ அப்படித்தான் சொல்லுவ."

"நான் வூடு கட்டிடுவேன்னு பயந்துட்டியா? நேரா சொல்லியிருக்கலாமே, வேணாம்னு!"

அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று. "வூடா? எந்த வூடு?" என்றான்.

அவனுக்கு எதுவுமே தெரியாது என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அண்ணிதான் பேசினாள்.

"உனக்கு இன்னா தெரியும்? ஆடி பொறந்து எல்லாக் கழனிலயும் ஏரு ஓடிச்சு. உன்னுது மட்டும் முள்ளு மொளச்சிக் கெடந்துச்சு. தங்கச்சி பங்க தரிசு போட்டுட்டு, தன்னுத மட்டும் வெதச்சிக்கினான்னு ஊரே பேசிச்சு. உங்க அண்ணன் டீக்கடைக்குப் போறதயே நிறுத்திட்டாரு."

"நீ வேணாம்னு சொன்னது கோவத்துலன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன். "போன வருசம் மூட்டை கொறச்சலா அனுப்பினேன்ல? அதான் மனசுல வெச்சிக்கினு எதுவும் வேணாங்குறன்னு... வேணாம்னா வுட்டுட முடியுமா? பொறந்த வூட்டுச் சீரு அது."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த பெண், போதும் என்று இலைமேல் கையை மறைப்பாள். கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவார்கள். போடாமல் விட்டால்தான் குற்றம். புடவை எடுத்துக்கொடுத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம், மூட்டை ஏற்றிவிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம். எந்த அண்ணனும் அதைக் கேட்டுக் கையை நிறுத்தியதில்லை. நானே அப்படித்தான் வளர்ந்தேன். நிஜமாகவே வேண்டாம் என்றால் அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை, மஞ்சள், மனு, மதியம் வரப்போகிற அதிகாரி. அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"அவ்ளோதானே? டிராக்டர் கூட்டியாறேன். மடக்கி உழுதுட்டா முடிஞ்சுது."

"பூத்துடுச்சேண்ணா."

"பூத்தா இன்னா? நீ கழனில போய் நில்லு. ஜல்தி வந்துடறேன்."

நான் போய் நின்றேன். நின்றேன் என்றால் எங்கே நின்றேன்? வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலைந்து விழுதுகளின் நுனியில் பிஞ்சு திரண்டிருந்தது. அதை மறுபடி மண்ணில் நட முடியாது என்று தெரிந்தும் குழி பறித்து நட்டேன். எனக்கு அந்தப் பயிரும் வேண்டும், அதே இடத்தில் வீடும் வேண்டும். இரண்டும் நடக்காது என்று தெரிந்தும் இரண்டையும் விட மனமில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிராக்டர் வரவில்லை. ஸ்கூட்டி வந்தது.

வெயிலுக்கு முகத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்த பெண் இறங்கினார். சின்ன வயசு. சர்வே நம்பரைக் கேட்டார், நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, மனுல தரிசுன்னு போட்டிருக்கீங்களே?"

அதற்குள் டிராக்டர் வந்து நின்றது. அண்ணன் மட்கார்டிலிருந்து குதித்தான். டிரைவரும், பின்னால் தொற்றிக்கொண்டு வந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். அண்ணன் நேராக அந்தப் பெண்ணிடம் போனான்.

"மேடம், இது அவங்க பயிர் இல்லீங்க. என்னுது. பக்கத்துக் கழனி என்னுதுங்க. வரப்பத் தாண்டி அவங்க நெலத்துலயும் நான்தான் வெதச்சிட்டேன். அவங்க டவுன்ல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாம வெதச்சீங்களா, தெரிஞ்சேவா?"

அண்ணன் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "தெரிஞ்சேதாங்க" என்றான்.

எங்கள் ஊரில் ஒருவனைத் திட்டுவதற்கு எவ்வளவோ வார்த்தை உண்டு. அதில் எதற்கும் கை நீளாது. வரப்பைத் தின்றவன் என்று சொன்னால் மட்டும் அரிவாளைத் தேடுவார்கள். ஒரு சாண் வரப்புக்காகக் கோர்ட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். பங்கு பிரித்த நாளிலிருந்து எங்கள் நடு வரப்பில் அண்ணன் மண்வெட்டி படவிட்டதில்லை. அவன் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், நான் தங்கச்சி நிலத்தைத் தின்றேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் யோசித்தார். "ஆக்கிரமிச்சு வெச்ச பயிர்னா, அப்படியே எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கறேன். ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சி போடணும். அப்போ அவங்க மனுவுக்குப் பிரச்சனை வராது" என்றார்.

"எங்க போடணும், சொல்லுங்க" என்று அண்ணன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

அவர் காகிதத்தை ஸ்கூட்டி சீட்டில் வைத்து எழுத ஆரம்பித்தார். ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஹால் தெரிந்தது, சமையலறை ஜன்னல் தெரிந்தது, என் இஷ்டத்துக்கு ஆணி அடிக்கப்போகிற சுவர் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாயை மூடிக்கொண்டு நிற்பது என் ஜாதகத்திலேயே கிடையாது.

"மேடம், எழுதாதீங்க. அது என் பயிர்தான். எனக்குச் சீரா எங்க அண்ணன் வெச்சது. அவரு வரப்புத் தாண்டல."

"சும்மா இருடி!" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருண்ணா."

அந்தப் பெண் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. "அப்போ பயிர் இருக்குதுன்னுதான்க்கா நான் எழுத முடியும். திரும்ப மனு போடுங்க, நெலத்தைச் சும்மா வெச்சிருங்க" என்றார். போகும்போது, "பயிர் நல்லா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்கூட்டி மறைந்ததும் அண்ணன் என்மேல் பாய்ந்தான். அவ்வளவு கோபத்தில் அவனை நான் பார்த்ததில்லை. "இன்னா பேஜாருடி உன்னோட! ஒரு கையெழுத்து. போட்டிருந்தா உன் வூடு வந்திருக்கும். என்னை இன்னா பண்ணிடப் போறாங்க?"

"உன்னை வரப்பு தின்னவன்னு எழுதி வாங்கிக்கினு நான் வூடு கட்டுறதா? கிரகப்பிரவேசத்துக்குப் பொறந்த வூட்டுச் சீரு யாருண்ணா எடுத்தாருவா?"

அவன் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். டிராக்டர்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நானும் அழுதேன். பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மனு போயிற்று, வீடு போயிற்று, ரயில் ஆட்டுகிற அந்த வாடகை வீட்டுக்குத்தான் மறுபடி போகவேண்டும் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது. செய்தது சரி என்று தெரிந்தால் மனசு ஆறிவிடும் என்று யார் சொன்னது?

மல்லாட்டை நன்றாக விளைந்தது. மூட்டைகள் வழக்கம்போல வந்தன. நான் வழக்கம்போல வேண்டாம் என்றேன்.

இந்த ஆடியில் என் துண்டு தரிசாகக் கிடக்கிறது. மறுபடி மனு போட்டிருக்கிறேன். தங்கச்சி வூடு கட்டப்போறா என்று அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொல்லிவிட்டான். கண்ணாவது, பட்டாவது என்கிறான். போன வாரம் போய்ப் பார்த்தபோது அவன் கழனியில் மல்லாட்டை முளைத்திருந்தது. என் பக்க வரப்பை ஒட்டி மட்டும், அவன் நிலத்திலேயே, நீளமாக ஒரு பட்டையை விதைக்காமல் விட்டிருந்தான்.

"ஏண்ணா, அது உன் நெலந்தானே? அதையும் எதுக்குத் தரிசு போட்ட?" என்று கத்தினேன்.

"ஒரு வெத தவறி உன் பக்கம் வுழுந்துட்டா?" என்றான்.